அளக்கக் கொடுத்த மீன்

முல்லைத்தீவு பஸ்ஸில், என் முன் இருக்கையில் மீன் ஆராய்ச்சி செய்யும் பெண்ணும் நாயாற்று மீனவர் ஒருவரும் இருந்தார்கள். நான் யன்னலைப் பார்த்தபடியே அவர்கள் பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்தேன். அவள்தான் தொடங்கினாள்.

"ஐயா, நான் அளந்ததில ஒரு குஞ்சு மீன்கூட இல்லையே?"

"வீடு தேடி வந்த பிள்ளைக்குக் குஞ்சையோ காட்டுறது? பெரிசாய்ப் பொறுக்கித்தான் தந்தனான்."

"ஐயோ! மீன் நல்லாய் வளருது, குஞ்சையும் அள்ளுற சின்னக்கண் வலையைத் தடுக்கத் தேவையில்லை எண்டெல்லோ எழுதிப்போட்டன். இண்டைக்கு உங்கட ஊர் மீனவர் கூட்டத்தில அதைத்தான் வாசிக்கப்போகினம்."

அவர் சட்டென்று அவள் பக்கம் திரும்பினார். "அந்த வலையை நிப்பாட்டத்தானே பிள்ளை உங்களைக் கூப்பிட்டனாங்கள்!"

"அப்ப எழும்பிச் சொல்லுங்கோ, பொறுக்கித் தந்தனான் எண்டு."

"ஊர்ச் சனத்துக்கு முன்னாலையோ?"

இறங்கும் இடம் வந்ததும் அவர் எழுந்தார்.

"சொல்லுறன். நாளைக்கு வலையை நீங்களே கொட்டி அள்ளுங்கோ. நான் கையே வைக்கமாட்டன்."