சூடு இறங்குகிற வரைக்கும்

இரவு ஒன்றரை மணி. பைபாஸை விட்டுப் பிரிந்து போகிற பழைய சாலை. ஒரு பக்கம் முள்வேலி, இன்னொரு பக்கம் குழாய் பதிக்கத் தோண்டிப் போட்ட மண். விளக்குக் கம்பங்கள் வரிசையாக உண்டு, விளக்குதான் கிடையாது. அந்தச் சாலையில் ஒரே ஒரு மோட்டார் சைக்கிள் முதல் கியரில் முனகிக்கொண்டு வருகிறது...

அந்தப் பட்டறை ஷட்டரை இன்னும் கொஞ்சம் இறக்குங்கள். சாரல் உள்ளே அடிக்கிறது. மழை விடாமல் யாரும் வண்டியை எடுக்கப் போவதில்லை, கரண்டும் இப்போதைக்கு வராது. சும்மா ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருப்பதற்கு இதைக் கேளுங்கள். பேயாவது பிசாசாவது என்கிறவர்கள் டயர் அடுக்கின் பக்கம் போய் உட்காரலாம். அங்கே கொசு நிறைய.

நம் எலெக்ட்ரீஷியன் இருக்கிறாரே, அவருடைய தங்கை வீட்டுக்காரருக்கு நடந்தது. எலெக்ட்ரீஷியன் அவரை மாப்பிள்ளை என்றுதான் கூப்பிடுவார், நாமும் அப்படியே வைத்துக்கொள்வோம். மாப்பிள்ளைக்கு மரியாதை கொடுக்க வேண்டியதுதான். ஆனால் அவர் வந்தார், அவர் போனார் என்று இழுத்துக்கொண்டிருந்தால் விடிந்துவிடும். அதனால் அவன், இவன் என்றே சொல்கிறேன். கோபித்துக்கொள்கிற அளவுக்கு அவனிடம் தெம்பும் கிடையாது.

அவனுக்கு மீன் வைக்கிற குளிர்க்கிடங்கில் வேலை. மதியம் உள்ளே போனால் நடுராத்திரி தாண்டித்தான் வெளியே. மூச்சு விட்டால் புகையாக வருகிற குளிரில் பெட்டி தூக்குவான். கையுறையைக் கழற்றினால் விரல்கள் தன்னுடையவை மாதிரியே இருக்காது. மனைவிக்கு ரொட்டிக் கம்பெனியில் வேலை. இரண்டு மணிக்கு வேன் தெருமுனைக்கு வந்து ஒரு ஹார்ன் அடிக்கும், ஆள் நிற்கவில்லை என்றால் போய்க்கொண்டே இருக்கும். இவன் வீட்டுக்குள் நுழைய வேண்டியது, அவள் செருப்பை மாட்ட வேண்டியது. ஒரே அறை, ஒரே கட்டில். அவள் எழுந்த இடத்தில் இவன் போய் விழுவான். பக்கத்தில் குட்டி தூங்கும். குட்டி என்பது அவர்களுடைய பெண், ஐந்து வயது. இப்படி ஆள் மாற்றி ஆள் இருந்துதான் அந்தக் குழந்தை வளர்ந்துகொண்டிருந்தது.

இதற்கு நடுவில் வண்டி புகுந்து கழுத்தை அறுத்தது.

பழைய வண்டி. ரேடியேட்டர் வைத்தது, லிக்விட் கூலிங், ரயில் மாதிரி ஓடும் என்று சொல்லித்தான் விற்றவன் கொடுத்தான். ரயில் மாதிரிதான் இருந்தது, புகையோடு. ரேடியேட்டர் ஃபேன் சுற்றுவதை நிறுத்தியிருந்தது. வேகமாகப் போனால் எதிர்க்காற்றே எஞ்சினை ஆற்றிவிடும், பரவாயில்லை. ஆனால் அந்தத் தோண்டிப் போட்ட சாலையில் ஊர்ந்துதான் போக முடியும். ஊர்ந்தால் சூடு ஏறும். சாலை முடிகிற இடத்தில் ஒரு சின்னப் பாலம், சரியாக அங்கே வரும்போது மீட்டரில் சிவப்பு விளக்கு எரியும். அதற்கு மேலும் ஓட்டினால் எஞ்சின் இறுகிப் பிடித்துக்கொள்ளும், அப்புறம் வண்டியைப் பழைய இரும்புக் கடையில்தான் போய்ப் பார்க்க வேண்டும்.

பட்டறையில் விட ஒரு பகல் வேண்டும். அவனுக்கு ஏது பகல்? நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிப்போட்டான். எஞ்சினை ஆற்றுகிற கூலன்ட் குறைந்ததும் குழாய்த் தண்ணீரைப் பிடித்து ஊற்றினான். அதுவும் தீர்ந்தால் மறுபடி குழாய்த் தண்ணீர். நீங்கள் யாரும் செய்யாததா? தலையைக் குனிய வேண்டாம், இருட்டில் எனக்கு ஒன்றும் தெரியாது.

ஆக தினமும் பாலத்துக் கட்டையில் உட்கார்ந்து வண்டி ஆறக் காத்திருப்பான். அதற்குள் அங்கே இரண்டு மணி ஆகிவிடும். மனைவி குட்டியை உள்ளே வைத்துப் பூட்டி, சாவியை வாசல் கரண்ட் மீட்டர் பெட்டிக்குள் போட்டுவிட்டு வேனுக்கு ஓடுவாள். முன்பெல்லாம் மேல்மாடி அக்கா ஒரு காதை இந்தப் பக்கம் வைத்திருப்பார். அவரும் மகளுடைய பிரசவத்துக்குப் போய்விட்டார். குட்டி படுத்தால் இடி விழுந்தாலும் எழாது என்கிற ஒரே தைரியம். பெற்றவர்கள் இரண்டு பேருக்கும் பயம்தான். சொல்லிக்கொள்ள மாட்டார்கள், அவ்வளவுதான்.

பாலத்தில் அவன் தனியாகவும் இருக்கவில்லை.

எதிர்ப்பக்கக் கட்டையில் இன்னொரு ஆள் உட்கார்ந்திருப்பார். பக்கத்தில் அவருடைய வண்டி, ஸ்டாண்ட் போட்டு. குனிந்து எஞ்சினையே பார்த்துக்கொண்டிருப்பார். முதல் நாள் பார்த்ததும் இவனுக்குப் பயம் வரவில்லை, ஆறுதலாகத்தான் இருந்தது. நம்மை மாதிரி இன்னொரு பாவம், அவருக்கும் பட்டறைக்குப் போக நேரம் கிடைக்கவில்லை போல என்று நினைத்தான். தலையை ஆட்டினான். அவரும் ஆட்டினார். அதோடு சரி. அப்படியே சில ராத்திரிகள் போயின.

இரண்டு விஷயம் மட்டும் உறுத்தியது. ஒன்று, வாசனை. பாகு அடிப்பிடித்த மாதிரி ஒரு இனிப்பு நெடி. கூலன்ட் கொதித்துக் கசிந்தால் வருமே, அது. தன் வண்டியில் இருப்பது வெறும் குழாய்த் தண்ணீர், அதற்கு வாசனை கிடையாது. அப்படியென்றால் அந்த வண்டியிலிருந்துதான். இன்னொன்று, சத்தம். எஞ்சினை அணைத்ததும் இரும்பு சுருங்கி டிக்... டிக்... என்று கேட்கும் இல்லையா? ஆற ஆற இடைவெளி கூடும். டிக்... ... டிக்... ... ... அப்புறம் நின்றுவிடும். இவன் வண்டி அப்படித்தான் அடங்கும். எதிர்ப்பக்கத்து வண்டி மட்டும் இவன் வரும்போது எப்படியோ போகும்போதும் அப்படியே. டிக் டிக் டிக் டிக்.

யோசிக்க வேண்டிய விஷயம்தான். தூக்கம் கெட்டவன் எங்கே யோசிப்பான்?

அன்றைக்கு... கிடங்கிலிருந்து கிளம்பும்போதே போன். மனைவி.

"என்னங்க, குட்டிக்கு உடம்பு அனலா கொதிக்குது. மருந்து குடுத்து, ஈரத்துணி போட்டிருக்கேன். இன்னும் இறங்கல."

"லீவு சொல்லேன்."

"சொல்லாமயா இருப்பேன்? இன்னிக்கு வரலன்னா இனிமே வரவே வேணாங்கறாரு சூப்பர்வைசர். நீங்க எங்கயும் நிக்காம வந்துடுங்க. கெஞ்சிக் கேக்கறேன்."

"வந்துடறேன். நீ கிளம்பு."

வந்தான். பல்லைக் கடித்துக்கொண்டு வந்தான். பள்ளம் மேடு பார்க்காமல் விரட்டலாம் என்று பார்த்தால் சக்கரம் மண்ணில் புதைந்து வழுக்கியது. திரும்பவும் முதல் கியர், திரும்பவும் ஊர்வலம். முழங்காலுக்குக் கீழே எஞ்சினின் அனல் பேன்ட்டைத் தாண்டிச் சுட்டது. எரியாதே, இன்றைக்கு மட்டும் எரியாதே என்று அந்தச் சிவப்பு விளக்கைக் கும்பிடாத குறை. பாலம் வந்தது. எரிந்தது.

நிறுத்தினான். அழுகை வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு கட்டையில் உட்கார்ந்தான். எதிரே அந்த ஆள். இனிப்பு நெடி. டிக் டிக் டிக்.

"சூடாயிருச்சா, தம்பி?"

முதல் தடவையாகப் பேசுகிறார். தொண்டை வறண்ட குரல், ரொம்பக் களைத்த குரல். இவனுக்கும் யாரிடமாவது சொல்ல வேண்டும் போல இருந்தது.

"ஆமாண்ணே. இன்னிக்குப் போய் இப்படி ஆயிருச்சு. பொண்ணுக்குக் காய்ச்சல். வீட்ல தனியா கிடக்கா."

"அம்மா இல்லையா?"

"வேன்ல போயிருப்பா இந்நேரம். வண்டிய விட்டுட்டு நடந்தா விடிஞ்சிடும். ஓட்டினா நடுவழியில பிடிச்சுக்கும். என்ன செய்யறதுன்னே தெரியலண்ணே."

அவர் மறுபடி குனிந்து எஞ்சினைப் பார்த்தார். இரண்டு வண்டிகளும் டிக் டிக் என்றன. கிடங்கின் குளிர் உடம்பை விட்டு இறங்க இறங்க, இவனுக்குக் கண் செருகியது. தலை முன்னால் விழுந்தது, திடுக்கிட்டு நிமிர்ந்தான். மறுபடி விழுந்தது.

"சாஞ்சுக்க, தம்பி. நான் பார்த்துக்கறேன்."

"தூங்கிட்டா அவ்வளவுதாண்ணே. ஆறினதும் எழுப்பிடுவீங்களா?"

"நீ எதுக்கும் கவலைப்படாத. சூடு இறங்கற வரைக்கும் நான் பார்த்துக்கறேன்."

நல்ல மனுஷன், வண்டியைப் பார்த்துக்கொள்கிறேன் என்கிறார் என்று இவன் நினைத்துக்கொண்டான். வண்டிதானே சூடாகி நிற்கிறது? "சரிண்ணே, பார்த்துக்குங்க" என்று வாய் குழறச் சொன்னான். கீழே சரிந்து உட்கார்ந்து முதுகைக் கட்டையில் சாய்த்ததுதான் தெரியும்.

முழிப்பு வந்தபோது ஒரே நிசப்தம்.

போனை எடுத்துப் பார்த்தான். மணி இரண்டேகால்தான். கண் மூடிப் பத்து நிமிடம் இருந்தால் அதிகம். எழுந்து எஞ்சின் மேல் பக்குவமாக உள்ளங்கையை வைத்தான். சில்லென்று இருந்தது. ராத்திரி முழுக்கப் பனியில் நின்ற வண்டி மாதிரி. பத்து நிமிடத்தில் எந்த எஞ்சின் இப்படி ஆறும்?

எதிர்க்கட்டையைப் பார்த்தான். ஆள் இல்லை. வண்டி மட்டும் நின்றது. போன் வெளிச்சத்தை அடித்தான். இரண்டு சக்கரத்திலும் காற்று இல்லை. செயினுக்குள் கொடி புகுந்து, சீட்டைச் சுற்றி, ஹேண்டில்பார் வரை ஏறியிருந்தது. ரேடியேட்டர் இருக்க வேண்டிய இடத்தில் துருப்பிடித்த ஓட்டை. டிக் டிக் சத்தம் நின்றிருந்தது.

அங்கேயே மயங்கி விழுந்திருக்க வேண்டும் என்கிறீர்களா? பயப்படுவதற்கும் உடம்பில் கொஞ்சம் தெம்பு வேண்டும். அவனிடம் மிச்சமிருந்த தெம்பு குட்டிக்கு. வண்டியை உதைத்தான், ஒரே உதையில் பிடித்தது. பறந்தான். போகும் வழியில்தான் அந்த வார்த்தை மெதுவாக மண்டைக்குள் இறங்கியது. பார்த்துக்கறேன். அந்த ஆள் எதைப் பார்த்துக்கொள்கிறேன் என்றார்? எஞ்சினையா? சூடு இறங்கற வரைக்கும் என்றாரே... யாருடைய சூடு? நான் வேறு சரிண்ணே என்று சொல்லித் தொலைத்தேனே?

தெருமுனையில் வேன் போய்விட்டிருந்தது. கதவு பூட்டியபடியே இருந்தது. மீட்டர் பெட்டிக்குள் கை விட்டான், சாவி வைத்த இடத்தில் இருந்தது. இருட்டில் மூன்றாவது தடவைதான் சாவி துளைக்குள் போனது. கதவைத் திறந்தான்.

பாகு அடிப்பிடித்த நெடி.

சின்ன நீல விளக்கு எரிந்துகொண்டிருந்தது. குட்டி கட்டிலில் எழுந்து உட்கார்ந்திருந்தது. ஓடிப்போய் நெற்றியைத் தொட்டான். குளுகுளுவென்று இருந்தது. கழுத்து, கை, கால், எல்லாமே. காய்ச்சல் இருந்த சுவடே இல்லை. "குட்டி, என் கண்ணே" என்று அள்ளி நெஞ்சோடு சேர்த்துக்கொண்டான். மூச்சு சீராக வந்தது. உயிர் திரும்பி வந்த மாதிரி இருந்தது அவனுக்கு.

குட்டி அவன் வாயைத் தன் கையால் பொத்தியது.

"சத்தம் போடாதப்பா. மாமா இப்பதான் தூங்கினாரு."

"எந்த... எந்த மாமாடா?"

"நீ அனுப்பினேல்ல, அந்த மாமா. என் தலையில கை வெச்சுட்டே இருந்தாரு. காய்ச்சல் போச்சுன்னு சொன்னாரு. அவரு ரொம்ப நாளா தூங்கவே இல்லையாம்ப்பா. பாவம். அதான் உன் எடத்துல படுத்துக்கச் சொன்னேன்."

அவன் கட்டிலைப் பார்த்தான். அவன் படுக்கிற பக்கத்தில் யாரும் இல்லை. தலையணையின் நடுவில் மட்டும் ஒரு குழி. போர்வையைத் தொடவில்லை, மேலே ஒரு சாண் உயரத்தில் உள்ளங்கையைப் பிடித்தான். நாம் எஞ்சினுக்குப் பிடித்துப் பார்ப்போமே, அது மாதிரி. அனல் வந்தது. கையை இழுத்துக்கொண்டான்.

அப்புறம்தான் கேட்டது. கட்டிலிலிருந்து, ரொம்ப மெதுவாக.

டிக்... ... டிக்... ... ... டிக்...

கத்தியிருக்கலாம். குழந்தையைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு ஓடியிருக்கலாம். எலெக்ட்ரீஷியனும் இதைத்தான் கேட்டாராம், ஏன் மாப்பிள்ளை ஓடவில்லை என்று. ஓடி எங்கே போவது, வாடகைக்கு வேறு வீடு பார்க்க எனக்கு ஏது பகல் என்று பதில் சொன்னானாம். நின்றான், நின்றான், கால் வலித்தது. குட்டியை மடியில் போட்டுக்கொண்டு சுவரோரமாக உட்கார்ந்தான். உட்கார்ந்தபடியே கண் அசந்தான்.

காலையில் மனைவி வந்து கதவைத் தட்டியபோது அவன் தரையில் கிடந்தான். மடியில் குட்டி இல்லை. அது எப்போதோ எழுந்து, கட்டிலில் ஏறி, தன் இடத்தில் போய்ப் படுத்திருந்தது.

இது நடந்து ஒரு மழைக்காலம் போய்விட்டது. வண்டி அதற்கப்புறம் சூடாவதே இல்லை, பட்டறைக்கும் போகவில்லை. குட்டிக்கு ஒரு ஜலதோஷம்கூட வரவில்லை. புருஷனும் பெண்டாட்டியும் தரையில் பாய் போட்டுத்தான் படுக்கிறார்கள். குழந்தையையும் கீழே இழுத்துப் பார்த்துவிட்டார்கள், எத்தனை தடவை இழுத்தாலும் தூக்கத்திலேயே மேலே ஏறிவிடுகிறது. அவ்வளவு பெரிய கட்டில் காலியாகக் கிடக்க, அது மட்டும் ஓரத்தில் ஒதுங்கி, விழுந்துவிடுகிற மாதிரி, இடம் விட்டுப் படுக்கிறதாம்.