ரெடி என்றது அவன்தான்

ரூபிக்ஸ் கியூபுக்குத் தேங்காய் எண்ணெய் விடக் கூடாது, மேடம். சொன்னால் யாரும் கேட்பதில்லை. இரண்டு நாள் வழுக்கிக்கொண்டு ஓடும்; பிறகு தூசியை இழுத்து வைத்துக்கொண்டு கல்லாய் இறுகிவிடும். உங்கள் பையனும் வீட்டில் இதைத்தான் உருட்டிக்கொண்டு கிடக்கிறான் என்றீர்களே, அதனால் சொன்னேன். இதற்கென்றே சிலிக்கான் திரவம் விற்கிறது, ஒரு சொட்டுப் போதும்.

இனி என் விஷயம். பெயர் தீனதயாளன். திருச்செங்கோட்டில், ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் லாரிகளுக்கு உதிரிபாகம் விற்கும் கடை எங்களுடையது. யாரும் என்னை ஸ்டேஷனுக்குக் கூட்டிவரவில்லை, நானாக வந்திருக்கிறேன். என் நண்பன் ஈஸ்வரின் வலது கை விசைத்தறியில் போனதைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஊர் அதை விபத்து என்கிறது. புகார் எதுவும் இல்லை, ஈஸ்வர் கொடுக்கவும் மாட்டான். ஆனால் எனக்கு மனசாட்சி என்று ஒன்று இருக்கிறது. நடந்ததில் என் பக்கம் ஒரு தப்பு உண்டு. அதை முதலிலேயே சொன்னால் உங்களுக்குப் புரியாது. கடைசியில் சொல்கிறேன்.

எங்கள் காலேஜ் பஸ்ஸுக்குள் முதன்முதலில் கியூபைக் கொண்டுவந்தவன் நான். பெட்டிக்குள் மடித்து வைத்திருந்த தாளைப் பார்த்து நானே கற்றுக்கொண்டேன். அன்றைக்கு எங்களுக்குத் தெரிந்தது ஒரே முறைதான். அடி வரிசையை முடிப்போம், பிறகு நடு வரிசை, கடைசியில் மேல் வரிசை. வீடு கட்டுகிற மாதிரி அஸ்திவாரம், சுவர், கூரை. மணிக்கட்டைத் திருப்பித்தான் சுழற்றுவோம், கரக் கரக்கென்று சத்தம் வரும். ஒரு நிமிடத்துக்குள் ஆறு பக்கமும் நிறம் சேர்ந்துவிட்டால் பஸ்ஸே கைதட்டும். எனக்குத்தான் தட்டினார்கள். பக்கத்து சீட்டில் இருந்த ஈஸ்வர், "எனக்கும் சொல்லிக் குடுடா தீனா" என்றான். சொல்லிக் கொடுத்தேன். வளர்த்த கடா மார்பில் பாயும் என்பார்கள். அது கடாவின் குற்றம் இல்லை, வளர்த்தவனுடைய குற்றம்.

கொஞ்ச நாளில் அவன் வரிசை வரிசையாக முடிப்பதை விட்டுவிட்டான். மூலைத் துண்டையும் அதன் பக்கத்தில் உட்கார வேண்டிய துண்டையும் மேலேயே ஜோடி சேர்த்து ஒன்றாக உள்ளே இறக்கினான். அஸ்திவாரமும் சுவரும் ஒரே நேரத்தில் எழும்பின. மேல் வரிசைக்கு எத்தனை விதமான கோலம் வருமோ அத்தனைக்கும் தனித்தனிச் சூத்திரம் இருக்கிறதாம். அதையெல்லாம் அவர்கள் வீட்டுத் தறிச் சத்தத்துக்கு நடுவில் நின்று மனப்பாடம் பண்ணினான். இது மூளை இல்லை, வெறும் கிளிப்பேச்சு என்று நான் சொல்லிப் பார்த்தேன். ஆனாலும் ஒரு வருடம் உட்கார்ந்து அதையெல்லாம் நானும் படித்தேன். நான் படித்து முடிக்கும்போது அவன் மணிக்கட்டை அசைப்பதையே நிறுத்தியிருந்தான். விரல் நுனியால் சுண்டினான். நான் விரலுக்கு வந்தபோது உள்ளே காந்தம் வைத்த கியூப் வந்தது. அது எனக்குப் பழகுவதற்குள் அவன் இன்னொன்றைக் கண்டுபிடித்திருந்தான்.

"கைய அவசரப்படுத்தாத தீனா. கண்ண முன்னால உடு. கை இந்த ஜோடியச் சேர்க்கறப்பவே கண்ணு அடுத்தத தேடோணும்" என்றான்.

என்னிடம் சொன்னான். என்னிடம். நெஞ்சு எரிந்தது, மேடம். அவன் பெருமைக்குச் சொல்லியிருந்தால்கூடப் பொறுத்திருப்பேன். அவனுக்குப் பெருமை பேசவே தெரியாது. நான் தொடங்கி நடத்தும் ஞாயிற்றுக்கிழமை கியூப் கூட்டத்தில், நான் கதவைத் திறந்துவிடும்போதே பிள்ளைகள் கேட்கும்: "ஈஸ்வர் அண்ணன் வரலீங்களா?"

எங்கள் போட்டிகளில் ஒரு வழக்கம் உண்டு. நடுவர் என்று தனியாக யாரும் வருவதில்லை. போட்டிக்கு வந்தவர்களே மாறி மாறி ஒருவருக்கொருவர் நடுவராக உட்காருவோம். கலைத்த கியூபை மூடி போட்டு எதிரில் வைத்து, நடுவர் "ரெடியா?" என்று கேட்க வேண்டும். எதிரில் இருப்பவன் "ரெடி" என்றால்தான் மூடியை எடுக்கலாம். ஈஸ்வருக்கு எதிரில் நான் எத்தனையோ தடவை உட்கார்ந்திருக்கிறேன். வாய் நிறைய மிக்சர் இருந்தாலும், யோசனை வேறெங்கோ இருந்தாலும், நான் கேட்டால் அவன் வாயிலிருந்து அந்தச் சொல் வந்துவிடும். ஒருமுறை நாமக்கல் போட்டி முடிந்து பஸ்ஸில் தூங்கிக்கொண்டு வந்தான். விளையாட்டாகக் காதோரம் "ரெடியா?" என்றேன். கண்ணைத் திறக்காமலே "ரெடி" என்றான். சுற்றியிருந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. மனதில் வைத்துக்கொண்டேன்.

அவர்கள் வீட்டை ஒட்டியே தறிப்பட்டறை. அப்பாவுக்கு முட்டி வலி என்பதால் அவன்தான் பார்த்துக்கொண்டான். நான் கடையைப் பையனிடம் விட்டுவிட்டு மதியத்தில் பழகப் போவேன். சுவரில் மோட்டார் ஸ்விட்ச், அதன் கீழே ஒரு ஸ்டூல். அதுதான் என் இடம். தறியின் பக்கவாட்டில் இருக்கும் பல்சக்கரத்தில் அவ்வப்போது நூல் சுற்றிக்கொள்ளும். மோட்டாரை நிறுத்தி, மூடியைக் கழற்றி, கையை விட்டுப் பிய்த்து எடுக்க வேண்டும். அவன் கை போனதற்கு முந்தின வாரமும் அப்படிச் சுற்றியது. அன்று அவன் உள்ளே விட்டது இடது கை. நான் கியூபை உருட்டிக்கொண்டு சும்மா இருந்துவிட்டேன். அவனுடைய வேகமெல்லாம் வலது கை ஆள்காட்டி விரலில்தான் இருக்கிறது என்பது என் கணிப்பு. இடது கை வெறுமனே கியூபைப் பிடித்துக்கொள்கிறது என்று நினைத்திருந்தேன். தேவையில்லாமல் ஒருவனைத் துன்பப்படுத்துகிற ஆள் இல்லை நான்.

அடுத்த வாரம் வலது கையை விட்டான்.

"மோட்டாரு ஆப்புல இருக்குதாடா?" என்றான்.

"இருக்குது" என்றேன். அது உண்மைதான்.

மற்ற தறிகளெல்லாம் சாப்பாட்டுக்கு நின்றிருந்தன. வேலையாட்கள் இரண்டு பேர் வாசலில் உட்கார்ந்து தூக்குப்போசியைத் திறந்துகொண்டிருந்தார்கள். ஈஸ்வர் என் பக்கம் முதுகைக் காட்டி, தலையைச் சாய்த்துக்கொண்டு நூலைத் தேடிக்கொண்டிருந்தான். நான் ஸ்விட்சில் விரலை வைத்தேன். வாசலில் இருப்பவர்களுக்கும் கேட்கும்படி கொஞ்சம் உரக்கவே கேட்டேன்.

"ரெடியா?"

"ரெடி" என்றான்.

போட்டேன்.

உடனே அணைத்ததும் நான்தான். அவன் கையில் துண்டைச் சுற்றி, என் காரில் அள்ளிப் போட்டுக்கொண்டு ஈரோட்டுக்குப் பறந்ததும் நான்தான். மணிக்கட்டோடு எடுத்துவிட்டார்கள். வாசலில் இருந்த இரண்டு பேரும், "அவன் கேட்டான், இவன் ரெடின்னான், நாங்க காதுல கேட்டோமுங்க" என்று எல்லோரிடமும் சொன்னார்கள். யார் கேட்டாலும் இன்றும் அதைத்தான் சொல்வார்கள். ஆஸ்பத்திரி வராந்தாவில் ஈஸ்வரின் அம்மா ராஜம்மாள் என் தலையைத் தடவிக் கொடுத்தார்.

"அழுவாத சாமி. என்ற பையன் ரெடின்னு வாய உட்டுட்டான், நீ என்ன பண்ணுவ? உம்மேல ஒரு தப்பும் இல்ல கண்ணு."

நான் அழுதது நிஜம். அதை நடிப்பு என்று நினைக்க வேண்டாம்.

மூன்றாம் நாளோ நான்காம் நாளோ, அவன் சுவரைப் பார்த்துக்கொண்டே படுத்திருந்தான். பார்க்கப் பாவமாக இருந்தது. ஒற்றைக் கையால் முடிக்கும் போட்டி என்று எங்களில் ஒரு பிரிவு உண்டு. நான் அதை ஒரு பொருட்டாக நினைத்ததே இல்லை. பொழுது போகட்டும் என்று அவனுடைய இடது கையில் ஒரு கியூபை வைத்தேன். வேறு யார் அவனுக்கு அப்படிச் செய்தார்கள்?

அதற்குப் பிறகு நம் பக்கத்துப் போட்டிகளில் எல்லாம் நான்தான் முதல். பிள்ளைகள் எனக்குக் கைதட்டினார்கள். கொஞ்சம் மெதுவாகத் தட்டினார்கள், அவ்வளவுதான்.

நேற்று சேலத்தில் போட்டி. ஈஸ்வர் ஒற்றைக் கைப் பிரிவுக்குத்தான் வந்திருப்பான் என்று நினைத்தேன். இரண்டு கைக்காரர்களோடு சேர்ந்து பெயர் கொடுத்திருந்தான். கூடாது என்று விதி இல்லை. "நீயே எனக்கு உக்காருடா தீனா" என்று என்னையே நடுவராகக் கூப்பிட்டான். கியூபை வைத்து, கேட்க வேண்டியதைக் கேட்டேன். தறியில் அடிபட்ட நாளிலிருந்து அந்தச் சொல்லை அவன் சொல்வதில்லை. தலையை மட்டும் ஆட்டினான்.

மூடியை எடுத்தேன். அவன் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு தேடல் இல்லை, ஒரு தயக்கம் இல்லை. கண் முன்னால் போக, இடது கை விரல்கள் பின்னாலேயே போயின. அந்த அசைவு எனக்குப் புதிதாகவும் இல்லை. காலேஜ் பஸ்ஸிலிருந்தே அவன் இடது கை அப்படித்தான் ஓடிக்கொண்டிருந்தது. எதிரிலேயே உட்கார்ந்திருந்தும் நான் வலது கையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். கியூபைக் கீழே வைத்தான். அவன் எடுத்த நேரம் என் வாழ்நாளின் சிறந்த நேரத்தைவிடக் குறைவு. நடுவர் என்பதால் அதை என் வாயால் நானே சத்தமாகப் படித்தேன்.

கூட்டத்தில் யாரோ, "ஆனை படுத்தாலும் குதிர மட்டம்டா" என்றார்கள். எல்லோரும் எழுந்து நின்று தட்டினார்கள். மைக்கைக் கொடுத்தபோது அவன் என்னைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டான்.

"ஆஸ்பத்திரியில என்ற கையில கியூபக் குடுத்தது தீனாதானுங்க. இவன் இல்லைன்னா நான் அந்தக் கட்டில்லயே கெடந்திருப்பேன்" என்றான்.

பிறகு அந்த ஒற்றைக் கையால் என்னைக் கட்டிக்கொண்டான். இரவெல்லாம் தூங்கவில்லை. காலையில் குளித்துவிட்டு நேராக இங்கே வந்துவிட்டேன்.

எழுதிக்கொள்ளுங்கள், மேடம். அவன் கை உள்ளே இருப்பது தெரிந்தேதான் கேட்டேன். ரெடி என்பான் என்று தெரிந்தேதான் கேட்டேன். ஸ்விட்சைப் போட்டது நான். பொறாமை என்று மட்டும் எழுத வேண்டாம், அது அவ்வளவு சின்ன விஷயம் இல்லை. என் தப்பு எது என்று கடைசியில் சொல்கிறேன் என்றேன் இல்லையா? அதற்கு முந்தின வாரம், இடது கை உள்ளே இருந்தபோதே நான் கேட்டிருக்க வேண்டும்.