இருதயநாதனுக்கு மிஞ்சிய வார்த்தை

— சிரிக்காதீங்க மதினி. ஃபாதர் நற்கருணை கொண்டாராரு. செத்த நேரத்துல வந்துருவாரு.

— நான் எங்க ஆத்தா சிரிச்சேன்? கன்னிவாடியிலருந்து ரெண்டு பஸ் மாறி வந்திருக்கேன். கூடப் பொறந்தவன் மூஞ்சியப் பாத்தா சந்தோசம் வரக்கூடாதா? ஏலே இருளா! அய்யம்மாக்கா வந்திருக்கேன்டா அப்பு. தெரியுதா?

— அரோகரா.

— கேட்டியா ஆனந்தி! கேட்டியா! முருகா, என் அப்பனே!

— அவருக்கு எதைக் கேட்டாலும் அதான் வருது மதினி. சாப்டீங்களான்னா அரோகரா. கை வலிக்குதான்னா அரோகரா. அப்புறம், இருளான்னு கூப்பிடாதீங்க. ஞானஸ்நானம் வாங்கி இருதயநாதன்னு ஆயி முப்பது வருசமாச்சு.

— உனக்கு இருதயநாதன். எங்க அப்பன் வச்ச பேரு இருளப்பன். சரி, டாக்டர் என்ன சொல்றாரு?

— மாதா கோயில்ல மைக்கப் பிடிச்சு செபம் சொல்லிட்டிருந்தவரு அப்படியே சாஞ்சாருல்ல, மூளைக்குப் போற ரத்தம் அடைச்சுக்கிச்சாம். வலது கையும் காலும் இழுத்துக்கிச்சு. விழுந்த வேகத்துல அந்தக் கையே முறிஞ்சும் போச்சு. இப்பக் கட்டுப் பிரிச்சாச்சு. காலு மெல்ல வருது. பேச்சுதான் வரல. சின்ன வயசுல நாக்குல ஊறுன வார்த்தை ஒண்ணு ரெண்டு தானா வருமாம். அவரா நினைச்சுச் சொல்றது இல்லையாம். அதட்டக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க.

— ஊறாம? பால் பல்லு விழுகுறதுக்கு முந்தியே எங்க அப்பனோட பழனிக்கு நடந்த பய. ஊர் எல்லைய தாண்டுறதுக்குள்ள தொண்டை கட்டிரும், அம்புட்டுச் சத்தம் போடுவான். இந்தாடா அப்பு, பஞ்சாமிர்தம்...

— ஐயோ, அதை உள்ள வைங்க. சுகர் எகிறிக் கெடக்கு அவருக்கு.

— அரோகரா!

— பாரு, கேக்குறான்.

— கேப்பாரு, கேப்பாரு. மதினி, ஞாயித்துக்கிழமை கோயில் சனமெல்லாம் வந்து இவருக்காக செபமாலை சொன்னாங்க. ஒவ்வொரு மங்கள வார்த்தை செபமும் முடியுற இடத்துல இவரு ஒரு அரோகரா. பாட்டுக்குழு இசைவாணி முந்தானைய வாயில அடைச்சுக்கிட்டுக் கொல்லைப் பக்கம் ஓடிட்டா.

— ஹி... ஹி...

— சிரிக்காதீங்கன்னேன்ல. முந்தாநாள் பழனிக்கு நடக்குற கூட்டம் நம்ம ரோட்டு வழியாப் போச்சு. இவரு ஜன்னல்ல உக்காந்துக்கிட்டு ஒருத்தர் விடாம பதில் குடுத்திருக்காரு. நான் அடுப்படியில இருக்கேன். நாலு பேரு வீட்டுக்குள்ள வந்து, "சாமிக்கு என்னம்மா, மேலுக்கு முடியலையா"ன்னு கேட்டுப் பட்டையாத் திருநீறு பூசி, ஒரு சீப்பு வாழப்பழம் வச்சுட்டுப் போறாங்க. மேல மாதா படம். கீழ இவரு பட்டையோட.

— பழத்த என்ன பண்ணுன?

— என்ன பண்றது, ஒண்ண உரிச்சு ஊட்டி விட்டேன். எதிர்த்த வீட்டு அக்கா பாத்துட்டு, பூசாரிய மாத்திட்டியா ஆனந்தின்னு கேக்குது.

— அரோகரா.

— இந்தா வாரேன், இருங்க.

— என்ன கேக்குறான்?

— காப்பி. வெடுக்குன்னு சொன்னா காப்பி. கடைசியில 'ரா'வை இழுத்தாருன்னா பாத்ரூம்.

— அடி ஆத்தி! முழு பாசையே படிச்சுட்டியே!

— படிக்காம என்ன பண்றது? ஒண்ணு மட்டுந்தான் மதினி எனக்குப் புரிய மாட்டேங்குது.

— என்னது?

— முப்பது வருசம் எம் பக்கத்துல முழங்கால் போட்டாரு. ஊருக்கே செபம் சொல்லிக் குடுத்தாரு. எல்லாம் என்னக் கட்டிக்கிட்ட பாவத்துக்குச் சும்மா சொன்னதுதானா? ஒரு சொல்லுகூடவா உள்ள இறங்கல? இப்ப ஃபாதர் அப்பத்த நீட்டுவாரு. இவரு ஆமென்னு சொல்லணும். அதுக்கும் அரோகரான்னா, அவரு மன்னிச்சுருவாரு, அது வேற. நான் என்ன நினைக்கட்டும்? நான் யாருகூட வாழ்ந்தேன் மதினி?

— ஏய்... அழுவுறியா? இங்க பாரு. இந்தா, மூக்கச் சிந்து. நான் பொய் சொல்ல மாட்டேன் ஆனந்தி. இவன் அரோகரான்னு சொல்றதக் கேள்விப்பட்டு, வாரப்ப பஸ்ஸுல பக்கத்து சீட்டுக்காரிட்ட எல்லாம் சொல்லிட்டுத்தான் வந்தேன், முருகன் எங்க பயல திருப்பி வாங்கிட்டான்னு.

— தெரியும். வாசப்படி ஏறும்போதே உங்க மூஞ்சியில தெரிஞ்சுச்சு.

— ஆனா ஆஸ்பத்திரியில இவனுக்குப் பீ மூத்திரம் அள்ளுனது நீ. நான் ஊர்ல உக்காந்து வேண்டிக்கிட்டதோட சரி. நீ அழுதா எனக்கு எதுக்கு அந்தப் பெருமை? நகரு அங்கிட்டு.

— என்ன பண்ணப் போறீங்க?

— பயப்படாத, திருநீறு பூசல. நெத்தியில கைய மட்டும் வைக்கிறேன். முருகா! எல்லாத்தையும் உதறிட்டுக் கோவணத்தோட மலையேறுனவன் நீ. இந்த ஒத்த வார்த்தைய விட உனக்கு மனசு வராதா? இவன் வாயில இருக்கிற உன் வார்த்தைய நீயே எடுத்துக்க. இந்தப் புள்ள கும்புடுற சாமி வார்த்தைய இவனுக்குக் குடுத்துரு. எனக்குக் கோவம் இல்ல. எந்தம்பி பேசணும், இவ அழுகாம இருக்கணும். அம்புட்டுத்தான்.

— ஆ...

— ஏங்க? என்னங்க?

— ஆ... ஆமென்.

— ஆனந்தி! இவன் என்னடி சொன்னான்?

— சொல்லிட்டாரு! மதினி, சொல்லிட்டாருல்ல! இன்னொருக்கா, ஏங்க, இன்னொருக்கா!

— ஆமென்.

— அரோகரா! மதினி, அரோகரா! அரோகரா!

— ஏய், மெதுவாடி! வாசல்ல ஆளு நிக்கிறாக...

— உள்ள வரலாமா? வாசல்ல வண்டிய நிறுத்தும்போதே அரோகரா சத்தம் கேட்டுச்சு. சங்கடப்படாதீங்கம்மா. நோயில கெடக்கிற மனுசன் சொல்றத ஆண்டவர் தப்பா எடுத்துக்க மாட்டார். எங்க, இருதயநாதன்? நீங்கதானே அவ்வளவு சத்தமாச் சொன்னது?

— இல்ல ஃபாதர்... நான்தான்.