மேயரே, அந்த நாற்காலியை விட்டு எழுந்திருங்கள்!

அவைக்குத் தலைமை ஏற்று, என் பேச்சை எந்த இடத்தில் வெட்டலாம் என்று மரச்சுத்தியலோடு காத்திருக்கும் அறங்காவலர் குழுத் தலைவி, தொண்டு கிழவி என்று சொன்னால் தொலைத்துவிடுவார் என்பதால் என்றும் இளையவர் ஹல்டா ஸ்வோபோடா அம்மையார் அவர்களே! வாழ்நாளில் முதன்முறையாக மேடையின் ஓரத்து இருக்கையில் ஒடுங்கி அமர்ந்திருக்கும் மாண்புமிகு மேயர் ராஸ்கோ டில்லிங்ஹாம் அவர்களே! விழாவின் நாயகியாக இருந்தும் விழாவைக் கவனிக்காமல், இந்த மேடை விளக்கின் வெப்பம் மேலே தொங்கும் பழைய கொடிக்கு ஆகுமா என்று அண்ணாந்து பார்த்துக் கவலைப்பட்டுக் கொண்டிருக்கும் அருங்காட்சியக இயக்குநர் வெர்னா லிண்ட்குவிஸ்ட் அவர்களே! மாட்டிறைச்சியும் மிளகாயும் கொதிக்கும் அண்டாவையும், லவங்கப்பட்டை ரொட்டிகள் நிறைந்த தட்டுகளையும் காத்து நிற்கும் கருணை மிகுந்த தாய்மார்களே! காளையை அடக்குவீர், கன்றை அடக்குவீர், கொட்டாவியை மட்டும் அடக்க முடியாத பிளம் ஃபோர்க் பெருமக்களே! பக்கத்து ஊரான டர்க்கி பெண்டிலிருந்து வேவு பார்க்க வந்து கடைசி வரிசையில் தொப்பியை இறக்கிவிட்டு உட்கார்ந்திருக்கும் நண்பர்களே! உங்கள் எல்லோருக்கும் ஏலக்காரன் மைலோ கிராட்டோச்வில்லின் எளிய வணக்கம்!

என்ன கஸ்? "சீக்கிரம் முடிய்யா, குழம்பு ஆறுது" என்கிறாயா? ஆறட்டும். தீயணைப்புப் படைத் தலைவன் நீ இருக்கிறாய், மறுபடி மூட்டிக்கொள்ளலாம்.

பெருமக்களே! என் தொழில் என்ன? விற்பது. பண்ணையை விற்பேன், பன்றியை விற்பேன், பழைய பியானோவை விற்பேன். என்னைப் போய், எதையுமே விற்கக் கூடாத ஓர் இடத்தின் அறங்காவலர் குழுவில் போட்டீர்களே, உங்கள் அறிவை நான் எந்த வாயால் பாராட்டுவது?

நம் அருங்காட்சியகம் எப்படி இருந்தது? நெஞ்சில் கை வைத்துச் சொல்லுங்கள். அது அருங்காட்சியகமா, ஊருக்கே பொதுவான பரணா? கல்யாணம் என்றால் அங்கிருந்த பட்டு உடை மணப்பெண்ணின் மேல் ஏறும். ஏறாவிட்டால் தையலைப் பிரிப்பார்கள். சுதந்திர தினம் என்றால் பீரங்கி வெளியே வந்து வெடிக்கும். தேவாலயத் திருவிழா என்றால் வெண்ணெய் கடையும் மரப்பானை வெளியே போகும், பால் நாற்றத்தோடு திரும்பி வரும். தூசி ஒரு பக்கம், துரு ஒரு பக்கம், துணியில் பூச்சி ஒரு பக்கம். இத்தனைக்கும் நடுவே எது இல்லை? ஊரை நிறுவிய ஹைரம் டில்லிங்ஹாமின் நாற்காலி இல்லை. காட்டு வாதுமை மரம், கைப்பிடியில் செதுக்கிய காட்டெருமைத் தலை, நம் தொகுப்பிலேயே அழகான பொருள். அது எங்கே இருந்தது? தெருவுக்கு எதிர்ப்பக்கம், நகர மன்றத்தில், ஹைரமின் பேரன் ராஸ்கோவின் பின்பக்கத்துக்குக் கீழே இருந்தது!

சிரிக்காதீர்கள். மேயரும் சிரிக்கிறாரா? அப்படியானால் சிரியுங்கள்.

இந்தப் பரணுக்குத்தான் வெர்னா இயக்குநராக வந்தார். வந்த முதல் கூட்டத்திலேயே, "நாம தரச்சான்றுக்கு விண்ணப்பம் போடப் போறோம்" என்றார். அது என்ன என்று கேட்டோம். நம்மை நாமே முதலில் சோதித்து, உள்ளதை உள்ளபடி எழுத வேண்டும். எதற்காக இருக்கிறோம், எதை வாங்குவோம், எதை வாங்க மாட்டோம், ஆபத்து வந்தால் என்ன செய்வோம் என்று எழுத வேண்டும். பிறகு வேறு அருங்காட்சியகங்களில் வேலை பார்க்கும் இருவர் வந்து, நாம் எழுதியதும் நாம் இருப்பதும் ஒன்றுதானா என்று கண்ணால் பார்ப்பார்கள். அதற்குப் பிறகு ஓர் ஆணையம் கூடி முடிவு செய்யும்.

மேயர் எழுந்தார். "ஏம்மா, நம்ம ஊர் சாமான் நம்முடையதுன்னு சொல்றதுக்கு, கிழக்கே எங்கேயோ உட்கார்ந்திருக்கிற ஆளுங்க எதுக்கு?"

வெர்னா அமைதியாகச் சொன்னார். "நம்முடையதுன்னு சொல்றதுக்கு யாரும் வேண்டாம் மேயர். உங்களுடையது இல்லைன்னு சொல்றதுக்குத்தான் ஆள் வேணும்."

அந்த ஒரு பதிலை அப்போதே ஏலம் விட்டிருந்தால், நான் இன்று பணக்காரன்!

மறுநாளே வெர்னா வெள்ளைக் கையுறை மாட்டிக்கொண்டு, போர்வையும் தள்ளுவண்டியுமாக, துணைக்கு என்னையும் கஸ்ஸையும் இழுத்துக்கொண்டு மேயரின் அறைக்குள் நுழைந்தார். மேயர் நாற்காலியில் சாய்ந்து சாண்ட்விச் தின்றுகொண்டிருந்தார்.

"எழுந்திருங்க மேயர்."

"இது எங்க தாத்தாவோட நாற்காலி."

"அவரேதான் அதை ஊருக்குக் கொடுத்துட்டுப் போனார்."

"கொடுத்தது என் தாத்தா. அப்போ அதுல எனக்குப் பங்கு இல்லையா?"

"தாராளமா இருக்கு. இந்த ஊர்ல பிறந்த ஒவ்வொருத்தருக்கும் எவ்வளவு இருக்கோ, அவ்வளவு."

"அப்போ என் பங்கு மேல நான் உட்கார்ந்திருக்கேன்னு வெச்சுக்கோ!"

கஸ் கிசுகிசுத்தான். "நாற்காலியோட தூக்கிடலாமா?" வெர்னா தலையை ஆட்டினார். "வேண்டாம். கால் தாங்காது." மேயரின் காலைச் சொல்லவில்லை, பெருமக்களே! நாற்காலியின் காலைச் சொன்னார்!

மேயர் எழுந்திருக்கவில்லை. ஆனால் அவர் கோபம் எழுந்தது. அந்த வாரமே நகர மன்றத்தில் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். தரச்சான்று கிடைக்காவிட்டால் அருங்காட்சியகத்தைப் பூட்டி, கட்டடத்தைப் பனி வாரும் வண்டிகளுக்குக் கொட்டகையாக்குவது. இயக்குநரை வீட்டுக்கு அனுப்புவது. கை தூக்கியவர்கள் இங்கேதான் இருக்கிறீர்கள். பெயர் சொல்ல மாட்டேன். குழம்பு கொதிக்கும் பக்கமாகப் பார்க்கவும் மாட்டேன்!

வெர்னா கலங்கினாரா? கலங்கினார். கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்து எங்களுக்கு என்ன செய்தார்? விசில் ஊதினார்! ஆபத்துத் திட்டம் என்று ஒன்றை எழுதி, அதற்கு ஒத்திகை என்ற பெயரில் எங்களை ஓடவிட்டார். விசில் ஊதினால் முதலில் மனிதர்கள், அடுத்து உலகில் வேறெங்கும் கிடைக்காத பொருள்கள், எல்லாம் நிலவறைக்கு. ஓடினோம், ஓடினோம், ஒவ்வொரு சனிக்கிழமையும் ஓடினோம். தெருவில் நின்று சிரித்தார்கள். "என்னய்யா மைலோ, பீரங்கியையும் இடுப்புல தூக்கிட்டு ஓடுவியா?" என்று நாவிதர் கேட்டார். ஓடி ஓடி என் கால்சட்டை இடுப்பில் நிற்கவில்லை என்பதைத் தவிர வேறு பலன் எனக்கு அப்போது தெரியவில்லை.

மே மாதம் நம்மைச் சோதிக்க அந்த இருவர் வந்தார்கள். நியூ மெக்சிகோவிலிருந்து டொலோரஸ் ஆர்ச்சுலெட்டா, கண்ணாடிக்கு மேலாகப் பார்க்கும் அம்மையார். வெர்மான்ட்டிலிருந்து வின்ஸ்லோ பெக், காற்றடித்தால் வளையும் கனவான். எல்லா அறைகளையும் பார்த்துவிட்டு, நடுக்கூடத்தில் வெறுமையாக இருந்த மேடைமுன் நின்றார்கள்.

முதல் நாள்தான் நம் ஹல்டா அம்மையார் வெர்னாவைக் கெஞ்சியிருந்தார். "பழுது பார்க்கப் போயிருக்குன்னு ஒரு அட்டை வெச்சுடேன்டி. யாருக்குத் தெரியப் போகுது?" வெர்னா சொன்னார், "நாற்காலியில பழுது இல்லையே, ஹல்டா." பிறகு தன் கையாலேயே ஓர் அட்டை எழுதி வைத்தார். டொலோரஸ் அதை உரக்கப் படித்தார்: "ஹைரம் டில்லிங்ஹாமின் நாற்காலி. ஊருக்குச் சொந்தமானது. தற்போது அதன்மேல் மேயர் அமர்ந்திருக்கிறார்."

வின்ஸ்லோ வாயைப் பொத்திக்கொண்டார். டொலோரஸ் கேட்டார், "இதை மறைச்சிருக்கலாமே?"

"மறைச்சா நாங்க எழுதினதும் பொய்யாயிடும், நீங்க வந்ததும் வீணாயிடும்" என்றார் வெர்னா. தன் வேலையும் அந்தக் கட்டடமும் அந்த ஓர் அட்டையில் தொங்குகின்றன என்று தெரிந்தே சொன்னார்!

அப்போதுதான் வானம் பச்சையானது. சுழல்காற்றுக்கு முன்னால் வரும் அந்தப் பச்சையைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டுமா? ஊர்ச் சங்கு ஊளையிட்டது. எதிர்ப்பக்கத்திலிருந்து மேயர் ஓடி வந்தார். ஏன் இங்கே? நகர மன்றத்துக்கு நிலவறை இல்லை, அருங்காட்சியகத்துக்கு இருக்கிறது! அவர் கொட்டகையாக்கப் பார்த்த கட்டடத்துக்குள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு நுழைந்தார்.

வெர்னா விசிலை ஊதினார். என்ன நடந்தது தெரியுமா? கால்கள் தாமாக நடந்தன! கத்தவில்லை, மோதவில்லை. கஸ் ஹல்டாவை அலாக்காகத் தூக்கினான். நான் பட்டு உடையை அள்ளினேன். வெர்மான்ட் கனவான் வின்ஸ்லோ, யாரும் கேட்காமலே, வெண்ணெய்ப் பானையைத் தலையில் வைத்துக்கொண்டு படி இறங்கினார். மேயர் மட்டும் சுவரில் இருந்த தாத்தாவின் பெரிய ஓவியத்தைப் பிடித்து இழுத்தார்.

"விடுங்க மேயர்! அது சுவரோட திருகியிருக்கு!"

"எங்க தாத்தாம்மா!"

"அதே தாத்தாதான் வங்கியிலயும் தொங்குறார், தீவனக் கடையிலயும் தொங்குறார். இது வேற எங்கேயும் கிடையாது, பிடிங்க!" என்று வெர்னா ஒரு கண்ணாடி ஜாடியை அவர் நெஞ்சில் திணித்தார். மேயர் இறங்கினார். கதவு மூடியது. தலைக்கு மேலே ஒரு சரக்கு ரயில் ஓடுவது போன்ற ஓசை!

கைவிளக்கின் வெளிச்சத்தில் மேயர் தன் கையில் இருந்ததைப் பார்த்தார். பற்கள்! ஜாடி நிறைய மனிதப் பற்கள்!

"என்ன கண்றாவி இது?"

"மரியாதையாப் பேசு. எங்க அப்பா பிடுங்கினது" என்றார் ஹல்டா. அவர் தந்தைதான் இந்த ஊரின் முதல் பல் மருத்துவர். "ஊர்ல பாதிப் பேரோட முன்னோர் அதுக்குள்ளதான் இருக்காங்க. அதோ தங்கம் கட்டினது தெரியுதே, அது உங்க தாத்தாவுது."

"எங்க தாத்தாவா? கரடியோட மல்லுக்கட்டினவர் ஆச்சே!"

"கரடிகிட்ட எப்படியோ தெரியாது. எங்க அப்பாகிட்ட அழுதார். தெருக்கோடி வரைக்கும் கேட்டதாம்."

மேலே கூரை பிய்த்துக்கொண்டு போகும் சத்தம் கேட்டது. நாங்கள் எல்லோரும் ஒருவர் தோளை ஒருவர் பற்றிக்கொண்டோம். அந்தச் சத்தத்துக்கு நடுவே மேயர் மெல்லக் கேட்டார். "ரொம்ப அழுதாரா, ஹல்டா?"

"எங்க அப்பா காதுல பஞ்சு வெச்சுக்கிட்டாராம்டா, ராஸ்கோ."

மேயர் சிரித்தார். சிரித்துக்கொண்டே அழுதார். வங்கிச் சுவரில் விறைத்துக்கொண்டு நின்ற தாத்தாவை அவர் பயந்து பயந்து பார்த்து வளர்ந்தவர். பல்வலியில் அழுத தாத்தாவை அன்றுதான் அவர் அறிந்தார். அந்த ஜாடியைப் புயல் ஓயும்வரை அவர் நெஞ்சிலிருந்து இறக்கவே இல்லை.

மேலே வந்தோம். கூரை இல்லை. நடுக்கூடத்தில் மழை பெய்தது. ஓவியம் சுவரோடு போயிருந்தது. மறுநாள் அது டர்க்கி பெண்டில் ஒரு பன்றித் தொட்டியில் கிடைத்தது. திருப்பித் தர மாட்டோம் என்கிறார்கள், கடைசி வரிசை நண்பர்கள். வைத்துக்கொள்ளுங்கள்! உங்கள் பன்றிகளுக்காவது வரலாறு தெரியட்டும்! ஆனால் ஒரு மனிதருக்கும் கீறல் இல்லை. விசில் ஊதி இறக்கிய பொருள் ஒன்றுக்கும் சேதம் இல்லை.

அன்று மாலை நடந்ததை நான் இறக்கும்வரை மறக்க மாட்டேன். நகர மன்றத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. மேயர் அந்த நாற்காலியைத் தன் தோளில் தூக்கிக்கொண்டு, முறிந்த கிளைகளைத் தாண்டித் தெருவைக் கடந்து வந்தார். "இந்தா வெர்னா, வாங்கிக்கோ" என்றார்.

வெர்னா வாங்கினாரா? வாங்கவில்லை!

"இங்கே கூரை இல்லை மேயர். ஈரத்துல மரம் வெடிச்சிடும். கூரை போடற வரைக்கும் நீங்களே பத்திரமா வெச்சிருங்க."

மேயரின் முகம் மலர்ந்தது.

"ஆனா உட்காரக் கூடாது."

ஒரு வருடம், பெருமக்களே! நம் மேயர் பால் கறக்கும் முக்காலியில் உட்கார்ந்து ஊரை ஆண்டார். பக்கத்திலேயே போர்வை போர்த்திய நாற்காலி. ஆளுநர் அலுவலகத்துக்காரர் ஒருவர் வந்து அதில் உட்கார்ந்தபோது, "எழுந்திருங்க சார், அது ஊர் சாமான்!" என்று மேயர் போட்ட கூச்சல் கோதுமைக் கிடங்குவரை கேட்டது!

ஆணையம் என்ன சொன்னது? கிளம்பும்போது வின்ஸ்லோ சொன்னார், "ஆபத்துத் திட்டம் பல இடத்துல அலமாரியில இருக்கும். இங்கே ஆளுங்க காலுல இருக்கு." டொலோரஸ் சொன்னார், "பாராட்டு வேற, கூரை வேற." முடிவு ஒத்திவைக்கப்பட்டது. தீர்மானப்படி கட்டடத்தைப் பூட்ட வேண்டும். பூட்டலாமா என்று நகர மன்றத்தில் ஓட்டு சரிபாதியாகப் பிரிந்தது. மேயர் முக்காலியிலிருந்து எழுந்து, தன் தீர்மானத்துக்கு எதிராகத் தானே கை தூக்கினார். நீங்கள் கூரை போட்டீர்கள். நாற்காலி தன் மேடைக்கு வந்து சேர்ந்தது. டொலோரஸ் திரும்பி வந்தார், கண்ணாடிக்கு மேலாகவும் பார்த்தார், கீழாகவும் பார்த்தார். சென்ற வாரம் சான்று வந்தது!

அது என்ன சான்று? நம் பொருள்கள் உயர்ந்தவை என்றா சொல்கிறது? ஒரு ஜாடிப் பல்லை வைத்துக்கொண்டு அப்படி யாரிடம் சொல்வது? இந்த ஊரிடம் ஒரு பொருளை நம்பிக் கொடுக்கலாம் என்று சொல்கிறது! கொடுத்தவன் செத்த பிறகும் காப்பார்கள் என்று சொல்கிறது! உள்ளதை உள்ளபடி எழுதுவார்கள், தங்கள் மேயரைப் பற்றியும் எழுதுவார்கள் என்று சொல்கிறது! என் தொழிலில் ஒரு தரம், இரண்டு தரம், மூன்று தரம் என்றால் பொருள் கைமாறிப் போய்விடும். வெர்னாவின் தொழிலிலும் தரம் உண்டு. அந்தத் தரம் இருந்தால் பொருள் எவன் கைக்கும் போகாது. இன்னும் பிறக்காத பிள்ளைக்கும் அதில் பங்கு இருக்கும்!

ஹல்டா சுத்தியலைத் தூக்கிவிட்டார். முடிக்கிறேன். ஓட வைத்த வெர்னாவுக்கு நன்றி. ஓடிய உங்களுக்கு நன்றி. எழுந்து நின்ற மேயருக்கு என் முழு நன்றி. கதவு திறந்திருக்கிறது, உள்ளே போங்கள். குழம்புக் கிண்ணத்தை வெளியே வைத்துவிட்டுப் போங்கள். கண் கொண்ட மட்டும் பாருங்கள், கையை மட்டும் சட்டைப் பைக்குள் வைத்துக்கொள்ளுங்கள். எல்லோருக்கும் வணக்கம்!