போட்டுக் குடுக்கா

உங்கள் கண்ணாடி இடப்பக்கம் இறங்கியிருக்கிறது, வக்கீலம்மா. கழற்றிக் கொடுங்கள், பேசிக்கொண்டே சரிசெய்து தருகிறேன். கண்ணாடிக் கடையில் வேலை பார்ப்பவளுக்குச் சாய்ந்த ஃபிரேமைப் பார்த்தால் கை சும்மா இருக்காது.

தம்பியைப் பற்றிக் கேட்டீர்கள். வீட்டில் அவனுக்கு ரேடியோ என்று பெயர். அணைக்கிற பொத்தான் மட்டும் வைக்க மறந்துவிட்டார்கள் என்று அம்மா சிரிப்பாள். அவன் கூட்டாளிகளும் அரசாங்கத்தைப் பற்றி நெட்டில் பேசுகிறவர்கள்தான், ஆனால் விவரமானவர்கள். ஒருத்தன் ஒரே நாளில் மறைந்துபோகும் ஸ்டோரியாகப் போட்டுவிட்டுத் தப்பித்ததாக நினைத்துக்கொள்வான். ஒருத்தி மனதில் இருப்பதை மீமாக மாற்றிவிட்டு, சும்மா காமெடிக்கு என்பாள். மற்றவர்கள் லைக்கோடு நிறுத்திக்கொண்டு நல்ல பிள்ளையாக இருப்பார்கள். இவன்தான் சொந்தப் பெயரில், சொந்தப் படத்தோடு, நேராகப் போடுவான். நான் அப்படி எதுவுமே போட்டதில்லை. என் பக்கத்தைத் திறந்தால் கடைக்கு வந்த புது ஃபிரேம்களின் படங்கள்தான் இருக்கும்.

எனக்குப் பயம். அதைச் சொல்ல வெட்கமில்லை. கடையில் லென்ஸ் தேய்ப்பவரின் மகளை ஒரு பதிவுக்காகப் போலீஸ்காரர்கள் அழைத்துப் போனார்கள். திரும்பி வந்தவள் அப்பா தொட்டால்கூடச் சுருண்டுகொள்கிறாளாம். மெஷினை நிறுத்தாமலே அவர் இதைச் சொன்னார். அன்றிலிருந்து படிக்கட்டில் பூட்ஸ் சத்தம் கேட்டாலே எழுந்துபோய்த் தாழ்ப்பாளைச் சரிபார்க்கிறேன். மாடி வீட்டுக்காரர் புது ஷூ வாங்கிய வாரம் முழுக்க நான் சரியாகச் சாப்பிடவில்லை.

தம்பியிடம் கெஞ்சினேன், திட்டினேன், பேசாமலும் இருந்து பார்த்தேன்.

"பயப்படுறது உன் இஷ்டம்க்கா. அத என் தலையில கட்டாத," என்றான்.

பிறகு அவன் போன் கீழே விழுந்து திரை போய்விட்டது. கல்லூரி விடுதியை மூடியதைப் பற்றி எழுத வேண்டும் என்று காலையில் என் போனை வாங்கி, தன் கணக்கைத் திறந்து வேகவேகமாகத் தட்டினான். குளிக்க நேரமாகிவிட்டது. போனை என் கையில் திணித்துவிட்டுத் துண்டோடு ஓடினான்.

"பிழை இருந்தா திருத்திட்டு, போட்டுக் குடுக்கா."

நம் பேச்சில் அந்தச் சொல்லுக்கு இரண்டு அர்த்தம். ஒருவருக்காகப் போட்டுத் தருவதும் போட்டுக்கொடுப்பதுதான். ஆளைக் காட்டிக்கொடுப்பதும் போட்டுக்கொடுப்பதுதான். குளியலறையில் தண்ணீர் விழுகிற சத்தத்தைக் கேட்டபடி நான் இரண்டையும் யோசித்தேன்.

அவன் எழுதியது ரொம்பச் சாதுவாக இருந்தது. விடுதியைத் திறந்துவிடுங்கள், வெளியூர்ப் பிள்ளைகள் தங்க இடமில்லாமல் தவிக்கிறார்கள் என்று கேட்டிருந்தான், அவ்வளவுதான். இதற்கெல்லாம் யாரும் கூப்பிட்டு மிரட்ட மாட்டார்கள். மிரட்டாவிட்டால் இவன் அடங்க மாட்டான். இன்னும் பெரிதாக எதையாவது எழுதி ஒருநாள் ஒரேயடியாகப் போய்விடுவான். குழந்தைக்குப் பெரிய நோய் வராமலிருக்கத்தானே சின்னதாக ஊசி போடுகிறோம்? கடைசியில் ஒரு வரி சேர்த்தேன். "திறக்காவிட்டால் கொளுத்துவோம்." அதைப் போட்டேன். போட்டதைப் படமெடுத்துக் காவல்துறையின் புகார் எண்ணுக்கும் நானே அனுப்பினேன். தலையைத் துவட்டிக்கொண்டு வந்தவன், போட்டாச்சா என்று கேட்டான். போட்டாச்சு என்றேன். தேங்க்ஸ்க்கா என்றான்.

கொஞ்சம் மிரட்டல், இரண்டு அறை, சாயங்காலம் வீடு. அப்படித்தான் நினைத்தேன். வந்து கூட்டிப்போன போலீஸ்காரர்கள் அவனை விடவில்லை. லைக் போட்ட பிள்ளைகளையும் தேடிப் போனார்கள். அம்மா இப்போது கதவுப்பக்கமே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருக்கிறாள். சிரிப்பதில்லை.

வழக்கே அந்தக் கடைசி வரியில்தான் நிற்கிறது என்கிறீர்கள். அதை எழுதியது யார் என்று எவ்வளவு அடித்துக் கேட்டும் அவன் வாய் திறக்கவில்லையாம். போனை யார் கையில் கொடுத்தான் என்பது அவனுக்கு மறந்திருக்காது. ஆனால் யோசித்துப் பாருங்கள், ரேடியோவுக்கு வாயடக்கம் வந்துவிட்டது. நான் விரும்பியதும் அதைத்தானே.

இந்தாருங்கள் கண்ணாடி. இனி நேராக நிற்கும். அந்த வரி என்னுடையது என்று நான் கோர்ட்டில் சொன்னால் அவனை வெளியே கொண்டுவந்துவிடலாம் என்கிறீர்கள். உங்களிடம் சொன்னது வேறு, வக்கீலம்மா. அங்கே நாலு பேர் முன்னால் சொன்னால் அது அரசியலாகிவிடும். அரசியல் விஷயத்தில் நான் இதுவரை ஒரு வார்த்தைகூடப் போட்டதில்லை.