அறுபத்திமூன்று எழுத்தில் தேன்கூடு

— கையை மேசையில வை. வை எண்டு சொன்னனான்!

— வேணாம் றேமண்ட் நானா. அந்தக் கம்பியக் கீழ வைங்க, அல்லாவுக்காக.

— கத்து ஷாமில், நல்லாக் கத்து. இது முகத்துவாரம். இந்த வலைக் கொட்டிலுக்க நீ செத்தாலும் வெளியில கடல் சத்தம்தான் கேக்கும். சொல்லு, என்ர தங்கச்சிக்கு என்னடா அனுப்புறாய்?

— கொம்பியூட்டர் புரோகிராம் நானா. சின்னச் சின்ன புரோகிராம். நானும் டிலக்ஷியும் வெள்ளவத்தையில ஒரே ஒஃபிஸ் தானே...

— பொய்! அவள்ட போன நானே பாத்தனான். ஒரு சொல்லு விளங்கேல்ல. சும்மா கோடும் கிறுக்கலும். கீழ ஒரு நம்பர். அறுபத்தேழு. அடுத்த நாள் அறுபத்தாறு. பிறகு அறுபத்தஞ்சு. ஓடிப்போறதுக்குத்தானே நாள் எண்ணுறீங்கள்? அப்பா செத்த பிறகு ஹாபர்ல மூட்டை தூக்கி வளத்தனான்டா அவள!

— யா அல்லாஹ்! அது நாள் இல்ல நானா, எழுத்து. தேன்கூடு மாதிரி ஆறு மூலைக் கட்டத்த ஸ்கிரீன்ல வரையிற புரோகிராம் எழுதணும், ஆகக் குறைஞ்ச எழுத்துல. ஆரு குறைக்கிறாங்களோ அவங்கதான் வெண்டது. இது ஒரு வெளையாட்டு.

— வெளையாட்டா? இந்தா, இது என்ர வெளையாட்டு!

— உம்மாஆ! என்ட வெரல்... வெரல் முறிஞ்சிட்டு நானா...

— இன்னும் நாலு கிடக்கு.

— மத்தக் கையால காட்டுறன்! என்ட பேக்ல லெப்டொப் ஈக்கி, எடுங்க. பொய்யெண்டா இந்தக் கையையும் அடிச்சி முறிங்க.

— இந்தா. அடிச்சுக் காட்டு.

— பாருங்க... ஒரு சாய்கோடு, ரெண்டு இடைவெளி, மத்தப் பக்கம் சாய்கோடு, ரெண்டு அடிக்கோடு. இவ்வளவுதான், இதயே திருப்பித் திருப்பிப் போடணும். நான் ரெண்டாவது வரிய வேறயா எழுதினன். அது வேற இல்ல, மொத வரியே மூணு எழுத்துத் தள்ளி நிக்கிது எண்டு டிலக்ஷிதான் கண்டுபுடிச்சாள். இப்ப ஓட விடுறன்.

— ...மாதாவே. ஸ்கிரீன் முழுக்கக் கட்டம்.

— அவ்வளவுதான் நானா. காதலுமில்ல, ஓட்டமுமில்ல.

— அப்ப ஏன்டா அவள் போனப் பாத்துப் பாத்துச் சிரிச்சவள்?

— என்னய வெண்டதுக்கு. எனக்கு அறுபத்திநாலு எழுத்து, அவளுக்கு அறுபத்திமூணு. நம்பாட்டி அவளுக்கே கோல் பண்ணிக் கேளுங்க. காலையில இருந்து நானும் கோல் எடுத்துப் பாக்கிறன், ஆன்சர் இல்ல... நானா? ஏன் கம்பியப் போட்டுட்டீங்க?

— மூடு. அந்த லெப்டொப்ப மூடு.

— நானா, உங்கட சேர்ட்ல ஈக்கிற ரத்தம்... இது காஞ்சிருக்கே. இது என்ட ரத்தமில்லயே.

— அவளும் இதத்தான் சொன்னவள், ஷாமில். ஒரு சொல்லு மாறாம. நான் நம்பேல்ல.