கடைமடைக்கே முதல் சால்

பாகூர் டிராக்டர் வாடகை நிலையப் பொறுப்பாளர் திருமிகு ஹபீப் முகமது அவர்களுக்கு, பணி நிறைவு நாளாம் 31-5-1983 அன்று வாசித்தளித்தது

புழுதி உழவின் புரவலரே! டீசல் மணக்கும் தென்றலே! மண்ணை மலர்த்திய மாண்பாளரே!

இம்மூன்றும் அச்சகத்தார் தந்தவை. 'கலியுகக் கர்ணன்' என்றும் ஒன்று தந்தார். வாடகை வாங்காமல் ஒரு சாலும் உழாத தங்களுக்கு அது பொருந்தாதென்று திருப்பிக் கொடுத்துவிட்டோம்.

இயந்திரப் பெருக்கம், விளைச்சல் வளர்ச்சி என்று மேடைகள் முழங்கிய நாளில் நமக்கு வந்தவை இரண்டே டிராக்டர்கள். குங்குமமிட்டு, எலுமிச்சை நசுக்கி அழைத்தோம். அவை முதலில் யார் நிலத்தில் இறங்கும் என்பதை மட்டும் எந்த மேடையும் பேசவில்லை. ஏரித் தண்ணீர் முதலில் பாயும் தலைமடைக்கே டிராக்டரும் முதலில் என்று வழக்கமாயிற்று. கடைமடைக்கு அது போய்ச் சேருகையில் பருவம் போயிருக்கும்.

வழக்கத்தை வெட்டிய வன்மையாளரே! முறையைத் தலைகீழாக்கினீர்கள். இதோ, மாலையோடு மேடையில் வீற்றிருக்கும் தலைமடை மிராசுதார் பலராமன் அவர்கள் அன்று நிலையத்துக்கே வந்து, "இன்னா பாய், ஊர்ல இல்லாத மொறையா இருக்குது?" என்றார். நாற்காலி போட்டுவிட்டுத் தாங்கள் சொன்னது எங்களுக்கு மனப்பாடம்: "தண்ணிதான் ஒங்களுக்கு மொதல்ல வருதேண்ணே. டிராக்டராவது அவுங்களுக்கு மொதல்ல போவட்டும்."

இதற்கு மறுமொழி மேலிடத்திலிருந்து வந்தது: காரைக்காலுக்கு மாற்றல். தாங்கள் இல்லாத ஈராண்டும் கடைமடைக் கலியம்மாளின் நிலத்தில் விளைந்தது கோரை. புள்ளிவிவரத்தில் மட்டும் நெல். மூன்றாம் ஆண்டு அந்த அம்மையார் கடைமடையையே திரட்டி வந்து டிராக்டருக்கு முன் உட்கார்ந்தார். "அந்த பாய் வர்ற வரைக்கும் வண்டி நவுறாது" என்றார். நகரவில்லை. தாங்கள் வந்தீர்கள், நகர்ந்தது.

நாளை முதல் பழைய முறையே என்று இப்போதே சொல்லியனுப்புகிறார்கள். மேடைப் பெரியோர் செவிகளில் விழவே உரக்க வாசிக்கிறோம்: நாளைக் காலை டிராக்டர் கலியம்மாள் நிலத்தில்தான் இறங்கும். வாடகை உண்டு, வரிசை மாறாது. மாற்றல் வந்தால் வரட்டும். காரைக்காலில் தாங்கள் குடியிருந்த வீட்டு விலாசத்தை மட்டும் எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள்.

நோயணுகா உடலோடும் நோவறியா மனத்தோடும் நூறாண்டு வாழ்க! அவ்வப்போது கடைமடை வரப்பில் வந்து நின்று, முறை பிசகினால் எங்களைக் கேளுங்கள்.

இங்ஙனம்,
பெட்டி கட்டி வைத்திருக்கும்
நிலைய ஊழியர்கள்